பாலம் எத்தனையாவது வேலை? தேர்தல் வெயிலில் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சுற்று

தேர்தல் சமயத்தில் கிராமங்களைச் சுற்றிப் பார்க்கப் போகலாமா என்று இந்த வலைப்பதிவைப் படிக்கும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போகலாம். ஆனால் நல்ல உடம்பும், மைக் சத்தத்தைத் தாங்கும் காதும் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் 2006 சட்டமன்றத் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஏப்ரல் கடைசியில், சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் ஏறினேன். என்னோடு கல்லூரியில் படித்தவன் வேட்பாளராக நின்றான். "மாப்ள, ஒரு நாளாச்சும் கூட வாடா. சுத்தி நிக்கிற எல்லாவனும் கட்சிக்காரன். மனசுவிட்டுப் பேச ஒருத்தன் இல்ல" என்று போனில் கெஞ்சினான். கட்சி, தொகுதி, அவன் ஊர் எதையும் எழுத மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பரமசிவம் என்பதும் நான் வைத்த பெயர்தான்.

காலை ஆறரைக்கு மதுரையில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் காளவாசல் வந்தேன். ஆட்டோக்காரர் நாற்பது கேட்டார், முப்பதுக்கு இறங்கி வந்தார். பிரச்சார வேனில் எனக்கு இடம் இருக்காது என்பதால் பரமசிவம் ஒரு இண்டிகா காருக்குச் சொல்லியிருந்தான். நாள் வாடகை ஆயிரத்து நூறு, டீசல் தனி. அதை நானே கொடுத்தேன். டிரைவர் செல்வம், மதுரை வில்லாபுரத்துக்காரர். சிக்னலுக்குப் பக்கத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஏழேகாலுக்குக் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி வரை நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பஸ்ஸில் போகிறவர்கள் ராஜபாளையம் வண்டியில் ஏறினால் போதும்.

அங்கிருந்து பிரச்சார வேனின் பின்னால் ஒட்டிக்கொண்டோம். முதல் ஊரில் கண்மாயைத் தூர்வார வேண்டும் என்றார்கள். "நான் ஜெயிச்சா என் முதல் வேலை உங்க கண்மாய்தான்" என்றான் பரமசிவம். நல்ல குரல் அவனுக்கு. எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. அடுத்த ஊரில் முதல் வேலை பள்ளிக்கூடக் கட்டடமாக மாறியது. அதற்கடுத்த ஊரில் டவுன் பஸ். அதற்கும் அடுத்ததில் ரேஷன் கடை, ஐந்தாவதில் தெருவிளக்கு. ஒவ்வொரு ஊரிலும் ஆரத்தி, மாலை, வெடி, கரிசல் புழுதி. வெயில் காரின் கூரையைத் தாண்டி மண்டைக்குள் இறங்கியது. பதினொரு மணிக்கெல்லாம் நான் சீட்டில் சரிந்துவிட்டேன்.

"மொத வேலை அஞ்சாயிருச்சுண்ணே. ரெண்டாவது வேலைன்னு எந்த ஊருக்காச்சும் வாய்க்குமா?" என்றார் செல்வம், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி.

மதியம் டி. கல்லுப்பட்டிக்குத் திரும்பிச் சாப்பிட்டோம். அளவில்லாத சாப்பாடு இருபது ரூபாய். சாம்பார் சுமார், ரசம் பிரமாதம். இந்த ஊரில் காந்திய ஆசிரமம் ஒன்று இருக்கிறது. மரங்களும் நிழலுமாக அமைதியான இடம். என்னைப்போல இல்லாமல் சும்மா ஊர் பார்க்க வருகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் செலவழிக்கலாம். எனக்கு வாசலைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் பரமசிவத்தைத் தனியாகப் பிடித்தேன். "உண்மையைச் சொல்லுடா, ஜெயித்தால் எதை முதலில் செய்வாய்?" என்று கேட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "மொத ஆறு மாசம் எனக்கு சீட்டு வாங்கிக் குடுத்தவங்க வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கருமாதின்னு அலைவேன் மாப்ள. அதுக்குப் பெறகு எந்தக் காண்ட்ராக்டர் சும்மா இருக்கானோ அந்த வேலை. கண்மாயாவது, கட்டடமாவது!" கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் பொய் சொல்லாமல் சொன்னானே என்று ஒரு பக்கம் பிரியமாகவும் இருந்தது.

நான்கு மணி வாக்கில் போன ஊருக்காகத்தான் இந்தக் கட்டுரை. மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு ஓடை குறுக்கே வருகிறது. சித்திரை மாதம் என்பதால் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். வேன் மணலில் சிக்கி உறுமியது. எல்லோரும் இறங்கி நடந்தோம். ஊர் அக்கரையில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை இரண்டு ஆள் உயரத்துக்கு ஓடுமாம், பஸ் இக்கரையோடு திரும்பிவிடுமாம்.

ஊர் எல்லையில் கருப்பசாமி கோயில். அதன் முன்னால் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். பரமசிவம் கை மைக்கை வாங்கினான். "ஓடையில பாலம் கட்டுறதுதான் என் முதல் வேலை!" கைதட்டல் விழுந்தது. நான் மனதுக்குள் ஆறு என்று எண்ணிக்கொண்டேன்.

கைதட்டல் அடங்கியதும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முன்னால் வந்தார். பெயர் அழகம்மாள் என்று பின்னால் தெரிந்தது. "தம்பி, பாலம் வர்ற ஐப்பசிக்குள்ள வந்துருமா?" என்றார்.

"வந்துரும்க்கா."

"என் மகளுக்கு மூணு மாசம். வில்லாபுரத்துல கட்டிக் குடுத்துருக்கேன். தலைப்பிரசவம், நான்தான் கூட்டியாந்து பாக்கணும். ஐப்பசியிலதான் நாள் சொல்லியிருக்காக. போன மழைக்கு வலி கண்ட எங்க தெருப் பிள்ளை ஒண்ணைக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு இந்தக் கரையில நின்னோம் தம்பி. தண்ணி வடியுறதுக்குள்ள வயித்துலயே புள்ள போயிருச்சு."

கோயில் படியில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்து ஏற்றினார். "கருப்பன் சாட்சியா இதை அடிச்சுச் சொல்லுங்க. நான் மகளைக் கூட்டியாறேன்."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியத்தை இந்தப் பக்கத்தில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது இங்கே பாலோடு ஊட்டப்பட்ட பயம். பரமசிவம் இந்த மண்ணில் பிறந்தவன். கல்லூரியில் தேர்வில் பிட் அடித்ததை இல்லை என்று பேராசிரியரிடம் சாதித்தவன், விடுதிக்கு வந்து "சூடம் அடி" என்று நாங்கள் கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

"அடிங்கண்ணே, சும்மா ஒரு தட்டுத் தட்டுங்க, எம்புட்டு நேரமாகப் போகுது" என்று கட்சிக்காரர் ஒருவர் அவன் காதில் முணுமுணுத்தார். பரமசிவம் குனிந்தான், கையை நீட்டினான். கை அப்படியே நின்றது. அடித்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவன் அடித்தால் அந்த மாசமான மகளை ஓடைக்கு அக்கரையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். மைக்கைக் கட்சிக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அடிக்க மாட்டேன்க்கா. இந்த மழைக்குள்ள வராது. எஸ்டிமேட் போடணும், டெண்டர் விடணும். நான் ஜெயிச்சு, தலைகீழா நின்னாலும் ஒன்றரை வருசம் ஆகும். மகளைக் கூட்டியாராதீங்க."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. பின்வரிசையில் ஒருவர், "அப்ப எதுக்குய்யா மொத வேலைன்னு மைக்குல கத்துன?" என்று கேட்டார். ஆரத்தித் தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அழகம்மாள் மட்டும் "சரி தம்பி" என்றார். அந்தச் 'சரி'யில் கோபமா, நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மணலில் திரும்பி நடக்கும்போது கட்சிக்காரர்கள் பரமசிவத்தைக் கரித்துக்கொட்டினார்கள். ஊரே போச்சு என்றார்கள். அவன் தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அரை மணி நேரத்தில் அடுத்த ஊர். மைக்கை வாங்கினான். "உங்க சமுதாயக் கூடம்தான் என் முதல் வேலை" என்றான். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. செல்வத்திடம் வண்டியை மதுரைக்குத் திருப்பச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கேயாவது நிழலில் ஒதுங்கிவிடுங்கள். குடிதண்ணீரை டி. கல்லுப்பட்டியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே கடை கிடையாது. தொப்பியை விடத் துண்டு உதவும். இரண்டு பேர் சேர்ந்தால் கார் கட்டுப்படியாகும். வேட்பாளர் வேனுக்கு முன்னால் போகாதீர்கள், மாலை உங்கள் கழுத்தில் விழும். எனக்கு ஒரு ஊரில் விழுந்தது. மழைக்காலத்தில் ஓடைக்கு அக்கரை ஊர்களுக்குப் போகும் திட்டமே வேண்டாம்.

இவ்வளவையும் மே மாதமே எழுதிவிட்டேன். ஏனோ பதிவேற்ற மனம் வரவில்லை. தேர்தலில் பரமசிவம் தோற்றான். மதுரை டவுனிலிருந்து வந்து நின்றவர் ஜெயித்தார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக மறுபடி மதுரை போனேன். நல்ல மழை. செல்வத்தின் காரைத்தான் கூப்பிட்டேன். "அந்தச் சூடம் ஏத்துன அக்கா இப்ப எங்க ஏரியாவுலதான் இருக்காகண்ணே. போவமா?" என்றார். வில்லாபுரத்தில் ஒரு சந்துக்குள், சம்பந்தி வீட்டு முன்னறையில் அழகம்மாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறந்து பத்து நாள். பிரசவம் பெரியாஸ்பத்திரியில். அந்த வாரம் ஓடை கரை புரண்டதாம், மூன்று நாள் ஊருக்குள் யாரும் போகமுடியவில்லையாம். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போகாமல், தாயே சம்பந்தி வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவது அந்தப் பக்கத்தில் சின்ன அவமானம் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"எங்க ஊர் ஓட்டு பூராம் அந்த டவுன்காரருக்குத்தான் தம்பி" என்றார், நான் கேட்காமலே. "உங்க கூட்டாளி வந்துட்டுப் போன மறுநாளே அவரு வந்தாரு. கேக்குறதுக்கு முன்னாடி சூடத்த அடிச்சாரு."

"அவர் அடித்ததை நம்பினீர்களா?"

"நம்புனா மகளைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா? புள்ள விசயத்துல உங்க கூட்டாளி சொன்னதத்தான் நம்புனேன். ஓட்டு வேற தம்பி. அடிச்சவன் செய்யலைன்னா கேக்குறதுக்குக் கருப்பனாச்சும் இருக்கான். மாட்டேன்னு சொன்னவரை யாரு போயிக் கேக்குறது?"

அன்றைக்கே பரமசிவத்துக்குப் போன் செய்து அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். "என்ன புள்ள?" என்று கேட்டான். பெண் என்றேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டான். இருக்கிறார்கள் என்றேன்.

"நல்லது மாப்ள" என்றான். பிறகு மெதுவாக, "அடுத்த தடவ நானும் அடிச்சிருவேன்டா" என்றான்.