நீச்சல் குளத்தில் நெல்லிக்கட்டை

கறையைப் பார்ப்பதற்கு முன் சத்யபிரியா அதைத் தடவிப் பார்ப்பாள். குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் பன்னிரண்டு வருடம் நிறம் கலந்தவள். பட்டறை மூடிய பிறகு வீட்டு நீச்சல் குளங்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தாள். இப்போது நாற்பத்தொரு வயது.

புதுச்சத்திரத்தில் அந்தக் குளத்தைக் கட்டியவர் பிரபாகர். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் அவருடைய அம்மா சென்னியம்மாள் தண்ணீருக்குள் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தரையில் கைத்தடி. தண்ணீரில் அது தேவைப்படாது.

"முதல்ல லேசாப் பழுப்பா இருந்துச்சுங்க. பாசின்னு ஆசிட் ஊத்துனேன். இப்பக் கறுத்துப் போச்சு. அம்மா வழுக்கி உழுந்துட்டா என்ன பண்றது? திங்கக்கிழமை டிப்பர்ல மண்ணு வருது. மூடிரலாம்னு இருக்கேன்" என்றார் பிரபாகர்.

"மூடிட்டு என்னையும் அதுமேல ஒரு செடியா நட்டுரு" என்றார் நாற்காலியில் இருந்த சென்னியம்மாள்.

"பேச்சைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அடித்த போனை எடுத்துக்கொண்டு பிரபாகர் வாசலுக்குப் போனார்.

சத்யபிரியா இறங்கினாள். சுவர் உப்புத்தாள் போல இருந்தது. வெள்ளைப் பூச்சு அரித்து மணல் வெளியே தெரிந்தது. ஆழமான மூலையில் மை கொட்டியது போல் கறுப்பு. மருந்துக்கடை வைட்டமின் சி மாத்திரையை அதன்மேல் தேய்த்தாள். வெளுத்தது. அப்படியானால் இரும்பு. பக்கத்தில் குளோரின் வில்லையை அழுத்தினாள். அங்கும் வெளுத்தது. அப்படியானால் இலை, அல்லது மரம். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அவளுக்குப் பழக்கம். பட்டறையில் கைநகத்தில் ஒரு மாதம் நிற்கும்.

காலால் துழாவினாள். நைலான் கயிற்றில் கல்லோடு கட்டிய கட்டை ஒன்று வந்தது. கிணற்றுத் தண்ணீர் இனிக்கப் போடுகிற நெல்லிக்கட்டை.

கரையில் நின்ற சென்னியம்மாளின் கணவர் மருதாசலம் தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க ஐயா, எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாள் இருக்குமுங்க. தண்ணிக்குள்ள போனா இவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. எங்க கெணத்துத் தண்ணிய இதுதான் மாத்துச்சு. பையங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. என்னாலதான் கொளத்தை மூடறான்னு ஆயிரும்."

"அரிப்பு கொறஞ்சுதுங்களா அம்மா?"

"கொறஞ்சுதே" என்றார் சென்னியம்மாள். மருதாசலம் கயிற்றைச் சுருட்ட அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார். "எங்க கொறஞ்சுது? தெனமும் கரையில நின்னு, எப்படி இருக்குது, எப்படி இருக்குதுன்னு கேக்கறாரு. இல்லைன்னு எப்படிச் சொல்றது அம்மணி?"

சத்யபிரியா சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சிவப்புத் துளி விட்டாள். தண்ணீர் மஞ்சளானது. அமிலம் மிகுதி. சுவரைத் தின்றதும் தோலைத் தின்றதும் ஒன்றுதான்.

பிரபாகர் திரும்பி வந்தபோது அந்தக் குழாயைக் காட்டினாள்.

"ஆசிட் மிஞ்சிப் போச்சுங்க. பூச்சு அரிச்சது அதனாலதான். அம்மாவுக்கு அரிப்பும் அதனாலதான்."

அவர் மூலையில் இருந்த கேனைப் பார்த்தார். "வழுக்கக் கூடாதுன்னுதானுங்க ஊத்துனேன்."

"தெரியுதுங்க. கேனை எடுத்துருங்க."

"அந்தக் கறுப்பு?"

"போர் தண்ணியில இரும்பு. மரத்துத் துவர்ப்பு அதுல சேர்ந்திருச்சு. நாலு நாள்ல எடுத்தறலாம். பூச்சு இன்னும் ரெண்டு வருசம் தாங்குமுங்க."

பிரபாகர் குளத்தின் மேல் கிளை நீட்டியிருந்த மாமரத்தைப் பார்த்தார். "கெளையை வெட்டிரட்டுங்களா?"

மருதாசலம் இருமினார்.

"வேண்டாமுங்க. இனிக் கறை விழாது" என்றாள் சத்யபிரியா.

பிரபாகர் டிப்பர்காரருக்குப் போன் போட்டு, மண் வேண்டாம் என்றார்.

நான்கு நாள் வேலை. வைட்டமின் பொடி கறுப்பை எடுத்தது. பிறகு சோடா ஆஷ். பட்டறையில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கரைத்த அதே வெள்ளைப் பொடி இங்கே தண்ணீரின் புளிப்பை எடுத்தது. சென்னியம்மாள் கால் வைக்கும், அரித்துச் சொரசொரத்த படிகளை மட்டும் அவள் தேய்ப்புக்கல்லால் கையாலேயே தேய்த்தாள். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தண்ணீரைச் சோதிக்க வந்தபோது சென்னியம்மாள் குளத்தில் நடந்துகொண்டிருந்தார். மருதாசலம் கரையோடு கூடவே நடந்தார்.

"எப்படி இருக்குது?"

"துளி அரிப்பு இல்லீங்க. நெசமாத்தான்."

மருதாசலம் சத்யபிரியா பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? கட்டையை எடுத்துட்டாலும், பதினஞ்சு நாள் ஊறுன சத்து போயிருமா?"

சென்னியம்மாள் சுவரைப் பிடிக்காமல் திரும்பி, மறுபடி நடக்கத் தொடங்கினார்.