சீட்டு கட்டிய சாமை

சாமை ஆராய்ச்சி என்றதும் ஏதோ பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போவேன். அங்கே மலைக்காரர் நிலத்தில் வரிசை வரிசையாக விதைத்த சாமையில், மழை இல்லாமலும் எது காயாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். அந்த வரிசையின் விதையை எடுத்து மறு வருஷம் விதைப்பேன். நாலு வருஷமாக இதேதான். "புல்லு மொளைக்குதான்னு பாக்கறதுக்கா கவர்மெண்ட்ல சம்பளம் குடுக்கறாங்க?" என்று கடையில் உட்கார்ந்தபடி அத்தா கேலி செய்வார். நாலாம் வருஷம் எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு சலிப்பு.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. எனக்கு நிலம் விட்டிருந்த மலைக்கார அம்மா ஒண்டி ஆள். மேட்டில் அவர் தனக்காகப் போட்ட சாமை முழுக்கக் காய்ந்துபோனது. அக்கம்பக்கத்திலும் அதே கதி. பள்ளத்தில் இருந்த என் வரிசைகளில் சில தப்பின. அதில் ஒன்று நான் தேடிக்கொண்டிருந்தது, கதிர் நிறைய மணி. கடைசி வரிசை அந்த அம்மாவின் சொந்த விதை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடமே ஒரு பிடி கேட்டு வாங்கி விதைத்திருந்தேன். அதுவும் தப்பியிருந்தது. அடுத்த வருஷம் விதைக்க அவருக்கு மிச்சம் அதுதான்.

வரிசைக்கு ஒரு சீட்டு எழுதிக் கட்டினேன். "திங்கக்கிழமை வந்துடறேன்மா. அதுவரைக்கும் சீட்டு கட்டினதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்றேன்.

"சரிங்க சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் முற்றிய சாமை காத்திருக்காது, உதிர்ந்துவிடும். மலைக்குச் சேதி சொல்லியனுப்பவும் வழியில்லை. தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஒன்பதாம் நாள்தான் போய்ச் சேர முடிந்தது. பாழாய்ப் போன மழை அதற்கு முந்தின நாள் பார்த்துப் பெய்திருந்தது. எல்லா வரிசையிலும் வெறும் தட்டை நின்றது. மணியெல்லாம் சேற்றில்.

"காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் வெரட்டிக்கினே இருந்தேன் சார். ஒரு குருவிய வுடல. மழய இன்னா பண்றது?" என்றார் அந்த அம்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். யார் மேல் கோபப்படுவது? போன வருஷத்து விதை ஆபீஸ் பீரோவில் கொஞ்சம் இருந்தது. ஒரு வருஷம் வீண், மறுபடி விதைத்தால் ஆயிற்று என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கடைசி வரிசை ஞாபகத்துக்கு வந்தது.

"உங்க சாமையையாவது அறுத்திருக்கலாமேம்மா?"

"அதுலயும் நீங்க சீட்டு கட்டிட்டீங்களே சார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.