பத்தொன்பது பேர் கம்பெனி

எங்கள் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஜீப்பில் ஏறும்போது ஒரு "அம்மாடி", இறங்கும்போது ஒரு "அம்மாடி". எட்டு வருஷமாக அந்த ஜீப்பை ஓட்டுகிறவன் நான். எண்ணிப் பார்த்தால் என் பெயரைவிட அந்த "அம்மாடி"யைத்தான் அதிகம் கேட்டிருப்பேன்.

தொழிலாளர் அலுவலகம் என்றால் அரசாங்கம் கொட்டிக் கொடுக்கிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஒரு காசு வராது. இருபது பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்குகிற முதலாளி, ஆளுக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கட்டவேண்டும். ஆள்வரி என்று நாங்கள் சொல்வோம். கட்டட வாடகை, ஜீப்புக்கு டீசல், அம்மாவின் சம்பளம், ஒப்பந்தத்தில் இருக்கிற என் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். யார் வீட்டில் சோதனை போடவேண்டுமோ அவன் கொடுக்கிற டீசலில்தான் அங்கே போகவே வேண்டும். நல்ல ஏற்பாடு!

முதலாளிகள் என்ன ஏமாளிகளா? எங்கள் வட்டாரத்தில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பத்தொன்பது பேர்தான். மூன்று மாடிக் கட்டடம், மாடிக்கு இருபது மின்விசிறி, ஆள் மட்டும் பத்தொன்பது. "காத்து வாங்கத்தான் கம்பெனி நடத்துறாங்க போல" என்பார் அம்மா. சிரிக்கவும் மாட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஒரு வாரம் முன்னாடியே நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் போனால் வேறு என்ன கிடைக்கும்? சொல்லாமலும் போகலாம், அதற்கும் விதி இருக்கிறது. ஆனால் அப்படிப் போனால் முதலாளி மேலிடத்தில் புகார் கொடுப்பான், அம்மா நாலு பக்கம் விளக்கம் எழுதவேண்டும். ஒரு காலத்தில் எழுதினார். இந்த அலுவலகத்தில் அப்போது ஐந்து இன்ஸ்பெக்டர்கள். வரி குறையக் குறைய ஆளும் குறைந்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அம்மா ஒருவர்தான் மிச்சம். எழுதி எழுதி அவருக்கும் அலுத்துவிட்டது.

என் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்து அட்டைப்பெட்டி கம்பெனியில் நிஜமாக வேலை செய்வது இருபத்தேழு பேர். பதிவேட்டில் இல்லாத எட்டுப் பேரில் என் மனைவியும் ஒருத்தி. நோட்டீஸ் தேதியில் அந்த எட்டுப் பேரும் வீட்டில் இருக்கவேண்டும், அன்றைக்குக் கூலி கிடையாது. அவள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். நான் அம்மாவை அதே கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கே பத்தொன்பது பேர் இருப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கூத்து. அம்மாவிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் அவள் வேலை போகும்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். "அம்மாடி" சொல்லவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம்.

"மேல இருந்து வந்திருக்குப்பா. வசூல் போதலையாம். மாசக் கடைசியோட டிரைவரை நிறுத்தச் சொல்றாங்க."

நான் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதே. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு மாசம். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு பஸ்ல ஏறி இறங்க என்னால ஆகாது. ஒரு பெரிய கம்பெனியைப் பிடிச்சு பழைய பாக்கியோட வசூலிச்சுக் காட்டினா, உன்னைத் தொட மாட்டாங்க. இன்னைக்கு நோட்டீஸ் கீட்டீஸ் ஒண்ணும் கிடையாது. அட்டைப்பெட்டிக்கு விடு."

"அட்டைப்பெட்டிக்கா மேடம்?"

"ஆமா. உனக்காகத்தான் போறேன், ஓட்டு."

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது எனக்கு. வழியில் பங்க்கில் நிறுத்தி, டயருக்குக் காற்று பிடிக்கவேண்டும் என்று இறங்கி, மறைவாக நின்று மனைவிக்குப் போன் போட்டேன். மூன்று தடவை. எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போகும்போதே எல்லார் போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

கம்பெனி மேலாளர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். வாய் எங்களை வரவேற்றது, கை முதுகுக்குப் பின்னால் யாருக்கோ சைகை காட்டியது. நாங்கள் உள்ளே நுழைவதற்குள் கிடங்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. கூடத்தில் பசை வாடைக்கு நடுவே பத்தொன்பது பேர் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணிக்கோங்க மேடம். பத்தொன்பது. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அம்மா ஆட்களைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் இருந்த அலமாரிக்குப் போனார். அதில் சாப்பாட்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கற்றுக்கொண்ட வித்தை இது என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். ஆளை ஒளிக்கலாம், அவன் சாப்பாட்டை ஒளிக்க யாருக்கும் தோன்றாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் சோறு வெளியே இருக்கும் அல்லவா? விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனார். இருபத்து மூன்று, இருபத்து நாலு, இருபத்தைந்து.

இருபத்தாறில் விரல் நின்றது. நீல டப்பா, மஞ்சள் மூடி.

எங்கள் வீட்டில் இரண்டு டப்பாக்கள் உண்டு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். அன்று காலை அவசரத்தில் அவள் மூடியை மாற்றிப் போட்டுவிட்டாள். மஞ்சள் டப்பாவும் நீல மூடியுமாக இன்னொன்று ஜீப்பில், அம்மாவின் பையை ஒட்டி இருந்தது. எட்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுகிறவர் அவர். வேறு யாருக்கு அடையாளம் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒன்றை விட்டுவிட்டு இருபத்தாறு என்று எழுதியிருக்கலாம். இருபதைத் தொட்டால் போதும், வரி வந்துவிடும். அதைத்தான் நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு விரல் நகர்ந்தது.

"இருபத்தேழு. கிடங்கைத் திறங்க."

எட்டுப் பேரும் வெளியே வந்தார்கள். தலையெல்லாம் அட்டைத் தூசு. என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் ஏதோ வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. அம்மா ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதினார். அவள் முறை வந்தது.

"எத்தனை வருஷமா வேலை செய்றே?"

"ஒன்பது வருஷங்க."

அம்மா அருகிலிருந்த அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துதான் அதை எழுதினார்.

திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபத்தில் ஜீப் பள்ளம் மேடு பார்க்கவில்லை.

"ஒண்ணைக் குறைச்சிருக்கலாமே மேடம்? உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"டயருக்குக் காத்து நல்லாப் பிடிச்சியா?" என்று கேட்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த ஒன்பது வருஷமும் பத்தொன்பதுன்னு கையெழுத்துப் போட்டவ நான்தான்யா. இன்னைக்கும் அவளை விட்டுட்டா பத்தாவது வருஷம் ஆயிடும். ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். கம்பெனி பழைய பாக்கியோடு கட்டியது. என் ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்கு நீட்டித்தார்கள். அதே வாரம் கம்பெனி எட்டுப் பேரையும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றது. அம்மா அவர்களை வரவழைத்துப் புகார் எழுதி வாங்கினார். பட்டியலில் பெயர் ஏறிவிட்டதால் ஒன்பது வருஷத்துப் பணிக்கொடை கேட்கலாமாம். கேட்கலாம். கிடைக்க ஒரு வருஷமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். தான் ஓய்வு பெறுவதற்குள் முடிப்பேன் என்று அம்மா வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வேறு எந்தக் கோப்பை மறந்தாலும் அதை மட்டும் தினமும் மேசைமேல் எடுத்து வைக்கிறார்.

சம்பளம் வந்த அன்று சாயங்காலம் பணத்தை மனைவியிடம் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுலதானே எங்க கம்பெனி கட்டின வரி இருக்கு?"

"ம்."

"என் தலைக்கு எவ்வளவுங்க கட்டினான்?"

சொன்னேன். வருஷத்துக்கு அவளுடைய நாலு நாள் கூலி.

"நாலு நாளா?" என்றாள். "நாலு நாள் கூலிக்கா என்னைக் கிடங்குல போட்டுப் பூட்டினான்? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

அழவில்லை. பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அவள் வேலை போனதிலிருந்து நடப்பதுபோல, மறுநாள் காலையும் வாசலில் ஒரு டப்பாதான் இருந்தது. மஞ்சள் டப்பா, மஞ்சள் மூடி. மத்தியானம் ஜீப்பில் அதைத் திறந்தபோது அம்மா பார்த்தார். தன் சாப்பாட்டைப் பிரிக்காமலே பையில் திரும்ப வைத்துவிட்டு, "ஆபீசுக்கு விடுப்பா, அந்தக் கோப்பை இன்னொரு தரம் பார்க்கணும்" என்றார்.