கயானாவில் என்ன சாப்பிடலாம்

என் கணவர் கயானா மண்ணை மிதித்ததே இல்லை. ஆனால் அங்கே காலையில் எங்கே சாப்பிடுவது, மாலையில் எங்கே காற்று வாங்குவது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். கரீபியன் நாடு என்று பெயர். வரைபடத்தில் பார்த்தால் தென் அமெரிக்காவின் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஒரே மகள் அங்கேதான் இருக்கிறாள். மருமகனுக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகளுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தலைப்பிரசவம் பெற்றவள் பார்க்க வேண்டியது. மலேசியாவில், இந்தக் கிள்ளானில் எங்கள் சொந்தபந்தத்தில் இதற்கு மாற்றுப் பேச்சே கிடையாது. ஆனால் இவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று காலை, கடைவீட்டு மாடியில் இருக்கும் நிலையத்தில் டயாலிசிஸ். ஒருமுறை முடித்துவிட்டு வரும்போது லிஃப்ட் வாசலில் கண் இருட்டிச் சரிந்தார். நான் பிடித்திருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். அதிலிருந்து நான் அவர் பக்கத்து நாற்காலியை விட்டு அதிகம் நகர்வதில்லை.

டயாலிசிஸுக்கு வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மெஷினைப் போட்ட முதல் ஒரு மணி நேரத்தில், வீட்டில் கூடாது என்று சொன்னதைக் கொஞ்சம் கடித்துக்கொள்வார்கள். அதிலுள்ள உப்புச்சத்தை எப்படியும் மெஷின் எடுத்துவிடும் என்கிற தைரியம். டாக்டருக்குப் பிடிக்காது. தாதி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவாள். இவர் சின்ன டப்பாவில் இரண்டு துண்டு பீசாங் கோரெங் எடுத்துப் போவார். எண்ணெயில் பொரித்த அந்த வாழைப்பழத்தை மென்றுகொண்டே, ஊசி குத்தாத கையால் கைப்பேசியில் கயானாவைத் திறப்பார்.

"இத கேளு. அங்க கல்யாண வீட்ல தாமரை இலைய விரிச்சு ஏழு கறி வைப்பாங்களாம். பூசணி, பலாக்கா, மாங்கா, கீரை..."

"அதுல ஒண்ணுகூட உங்களுக்கு ஆகாது."

"எனக்கா கேட்டேன்? நீ சாப்பிடு லா. போய்ட்டு வா."

இன்னொரு நாள், மரவள்ளிக்கிழங்குச் சாற்றைக் கருக்கக் காய்ச்சி அதில் இறைச்சியை வேகவிடும் குழம்பு. அதற்கடுத்து ஊரைக் காக்கக் கட்டிய கடல் சுவர், ஞாயிற்றுக்கிழமை சனங்கள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிற படம். காட்டுக்கு நடுவே சின்ன விமானத்தில் போய்ப் பார்க்கிற அருவி. பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவளுக்கு அருவி எதற்கு என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். ஆனாலும் மனது இளகிவிட்டது. நோயாளி மனுஷன், நம்மைப் போகச் சொல்லி இவ்வளவு பாடுபடுகிறாரே என்று நினைத்தேன். காஜாங்கில் இருக்கும் நாத்தனாரைக் கேட்டேன். வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறேன், நிம்மதியாகப் போய் வாருங்கள் அண்ணி என்றாள்.

மகள்தான் முட்டுக்கட்டை போட்டாள். எப்போது கூப்பிட்டாலும், "வேணாம்மா, இங்க ஆஸ்பத்திரி நல்லாதான் இருக்கு, நான் மேனேஜ் பண்ணிக்குவேன்" என்பாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். தூர தேசம் போனவளுக்கு அம்மா வேண்டாதவளாகிவிட்டேன் என்று சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை, இவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது நான் வெளியே படிக்கட்டில் நின்று அவளைக் கூப்பிட்டேன். இங்கே காலை என்றால் அங்கே முந்தின நாள் இரவு. டிக்கெட் போடப் போகிறேன், நீ வேண்டாம் என்றாலும் வருவேன் என்று சற்றுக் கோபமாகவே சொன்னேன். அந்தப் பக்கம் விசும்பல்.

"எனக்கு நீங்க வேணும்மா. பயமா இருக்கும்மா. அப்பாதான் கூப்பிடாதன்னு சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"நீங்க பாசார் போயிருக்கும்போதெல்லாம் போன் பண்ணுவாரு. அம்மா அங்க வந்தா, திரும்பி வர்றப்ப நான் உயிரோட இருக்க மாட்டேன்னு அழுவுறாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

நான் உள்ளே வந்தேன். உடம்பெல்லாம் கொதித்தது. இரண்டு ஊசி ஏறிய கையை நீட்டிப் படுத்திருக்கும் மனுஷனை என்னவென்று திட்டுவது? என்னைப் பார்த்ததும் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.

"நீ போய் எறங்கினதும் முதல்ல ரொட்டிக் கடைக்குப் போவணும். நம்ம ரொட்டி சானாய் மாதிரியேதான் இருக்கு, பாரேன்."

அந்தக் குரலில் பொய் இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. நான் போக வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டார். நான் போய்விடுவேனோ என்று நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சுமந்தார் என்று எனக்குத் தெரியாது.

"நான் போகலைங்க" என்றேன்.

"ஏன் லா? நல்ல சான்ஸு" என்றார். ஆனால் அதற்குள் முகம் மாறிவிட்டது. காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம் போல நெற்றி, கன்னம் எல்லாம் தளர்ந்தன. நான் இன்னும் ஒரு காரணம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டவர் அப்படியே அயர்ந்து தூங்கிப்போனார். அந்த முகத்தை அன்றைக்கு நான் வெறுத்தேன். போர்வை விலகியிருந்த காலை மூடிவிட்டதும் நான்தான்.

இரவு மகளைக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும்மா" என்றாள். "நீங்க போனை வச்சதுமே சுங்கை பூலோ அத்தையக் கூப்பிட்டு வரச் சொல்லிட்டேன். அவங்க டிக்கெட்டும் போட்டுட்டாங்க."

மருமகனின் அம்மாவைத்தான் சொன்னாள். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. என் மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் மகள் வலியில் கத்தும்போது பிடித்துக்கொள்ளப் போகிற கை அவருடையது. அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, பொறாமை.