பிள்ளையை ஒருவர் கையிலும் கொடுக்காதவள்

தில்லைநாயகி தன் பிள்ளையை யார் கையிலும் கொடுக்கமாட்டாள். எண்பத்தேழாம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஷ்லீரனில் எங்கள் மாடிக் கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனம் கொஞ்சம்தான். ஒரு வீட்டுப் பிள்ளை எல்லோர் மடியிலும் வளர்ந்த காலம். இவளுடைய துஷி மட்டும் இவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை, நல்ல கொழுகொழுவென்று இருக்கும். பார்த்தால் தூக்கச் சொல்லும். கையை நீட்டினால் தாய் ஓரடி பின்னால் போவாள்.

"தாரும் பிள்ளையை, நீர் போய் ஆறுதலாச் சாப்பிடும்" என்று எத்தனை விசேஷத்தில் கேட்டிருப்பேன்!

"இருக்கட்டும் அக்கா, எனக்குப் பழக்கம்தானே" என்பாள்.

எனக்குப் பொறுமை குறைவு. "ஏன், எங்கடை கையிலை ஊத்தையோ? இல்லை, கண் பட்டிடுமோ?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டேன். அவள் சிரித்து மழுப்பினாள். பிள்ளையை மட்டும் தரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. துஷி அழுதால் இவள் அமத்தமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்புச் சத்தம் கேட்டாலே முகம் சுளிக்கிற ஊர் இது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவார். இவளோ வானொலியில் பிடித்த பாட்டுப் போவதுபோல, பிள்ளை அழுவதைக் கேட்டபடி தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருப்பாள். "பிள்ளையைத் தேற்றத் தெரியாதோ உமக்கு?" என்று ஏசினால், "அழுறது நல்லதுதானே அக்கா" என்பாள். இப்படியும் ஒரு தாயா என்று நான் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். என் வாய் அப்படி.

மற்றபடி அவளில் ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இரசம் வைத்துக் கொண்டுவந்தவள். சிரித்தால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். என் நடையை அப்படியே நடித்துக் காட்டி என்னையே சிரிக்க வைப்பாள்.

அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவும் என் கணவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். அந்தக் கோடையில் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு சூரிச் ஏரியில் கப்பல் பயணம் கூட்டிப்போவதாக முதலாளி அறிவித்தார். சூரிச்சில் ஏறி ராப்பர்ஸ்வில்லில் இறங்கவேண்டும், சாப்பாடு கப்பலிலேயே. எல்லோருக்கும் கொண்டாட்டம். தில்லைநாயகி மட்டும் வரமாட்டேன் என்று நின்றாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா என்னிடம் வந்தார். "அக்கா, நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ. நாங்கள் மட்டும் போகாட்டி நல்லாயிராது. இவளும் எவ்வளவு நாளைக்குப் பயந்துகொண்டிருக்கிறது?"

எதற்குப் பயம் என்று அவர் சொல்லவில்லை. தண்ணீருக்குப் பயமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டு போய், பெரிய அனுபவசாலிபோல எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைக்கு அரை வயிறு மட்டும் தீத்து. தொப்பி போடு. மாற்றுடுப்பு இரண்டு எடு. கம்பி ஓரத்துக்குப் போகாதே, நடுவிலுள்ள இருக்கை வாங்கில் இரு. அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பிள்ளை கப்பலிலை அழுதால் ஆரும் ஏசுவினமோ அக்கா?"

"விசரே உமக்கு? சாப்பிட்டுச் சிரிச்சுப்போற கப்பல். ஆர் ஏசுறது?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தாள்.

கப்பலில் முதலாளியின் மனைவி ஃப்ராவ் கெல்லர் சிறுபிள்ளைகளுக்கென்று தோல் வார்கள் கொண்டுவந்திருந்தார். தோளிலும் மார்பிலும் மாட்டி, பின்னால் ஒரு பட்டியைத் தாய் பிடித்துக்கொள்வது. "இதென்ன, நாய்க்குட்டிக்குக் கட்டிறமாதிரி!" என்று என் கணவர் முணுமுணுத்தார். தில்லைநாயகியோ இரண்டு கையாலும் வாங்கினாள். துஷிக்கு மாட்டி, பட்டியைத் தன் மணிக்கட்டில் சுற்றி முடிச்சும் போட்டாள். ஆண்கள் மேல்தட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கீழே உள்ளறையில், படிக்கட்டுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தோம்.

பாதி வழியில் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கரையில் புயல் எச்சரிக்கை விளக்குகள் செம்மஞ்சளாக விட்டுவிட்டு எரிந்தன. அதைப் பார்த்ததும் தில்லைநாயகியின் வாய் கோணியது. காற்று அடிக்கக் கப்பல் ஆடத் தொடங்கியது. பெரிய ஆட்டமென்று சொல்லமாட்டேன், கோப்பைகள் கிலுங்கின, அவ்வளவுதான். ஆனால் இவள் ஓங்காளித்தாள். மடியில் சத்தி எடுத்தாள். கைகால் சோர்ந்து சரிய, துஷி மடியிலிருந்து வழுகி வாங்கு விளிம்பில் தலையை இடித்துக்கொண்டது.

"தாரும் இங்கை" என்றேன்.

மாட்டேன் என்று தலையாட்டினாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உம்முடைய பிடிவாதத்திலை பிள்ளையின்ரை மண்டை உடையப்போகுது! என்னட்டைத் தர ஏலாதெண்டால் தண்ணிக்கோ குடுக்கப்போறீர்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அது இறுகிப்போய் அவிழவில்லை; நான்தான் அவிழ்த்தேன்.

"அக்கா, அழுதால் அழ விடுங்கோ. வாயிலை கை வையாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

"நான் ஏன் வாயிலை கை வைக்கிறன்?"

"நான் வைச்சனான்" என்றாள்.

ஒரு கையால் வாங்கைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். "இந்தியாவுக்குப் படகிலை வரேக்கை, பக்கத்திலை இருந்த பிள்ளைத்தாய்ச்சி சத்தி எடுத்துக்கொண்டே இருந்தா. அவவின்ரை மகனை நான்தான் கேட்டு வாங்கினனான், பாவமெண்டு. இவளின்ரை வயசுதான். நேவியின்ரை வெளிச்சம் தூரத்திலை தெரிஞ்சுது. இவன் வீரிட்டு அழுறான். வாயைப் பொத்து, பொத்து எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். பொத்தினன். வெளிச்சம் அங்காலை போயிட்டுது. இவனும் அடங்கிட்டான். நித்திரையாப் போனான் எண்டுதான் அக்கா நினைச்சன். குளிருமெண்டு சீலையாலை மூடி, கரை மட்டும் மடியிலை வைச்சுக்கொண்டு வந்தன். தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா, பிள்ளையைப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்த்தனெண்டு. பிறகுதான் சீலையை விலக்கிப் பார்த்தவ."

ஐயோ, இவளையா நான் ஊரெல்லாம் நாறடித்தேன்!

"உம்முடைய அவருக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும். அதுதான் அவரும் கேளாமல் பிள்ளையைத் தூக்கிறேல்லை. அக்கா, எனக்கு என்ரை கையே பயம்."

மறுபடி ஓங்காளம் வந்தது. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி, இன்னும் கீழே இருந்த கழுவுமிடத்துக்குப் போனாள்.

துஷி வேற்றுக் கைக்கு வந்த ஆத்திரத்தில் கத்து கத்தென்று கத்தியது. என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. உள்ளறையில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பினார்கள். ஒரு மனிதர் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றார். நான் அவரை முறைத்த முறைப்பில் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஃப்ராவ் கெல்லர் சொக்கிலேற்றை உரித்துக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்று கையை மறித்தேன். கீழிருந்து இடைக்கிடை குரல் வந்தது.

"அக்கா, அழுறாளோ?"

"அழுறாள், அழுறாள்! கேக்கேல்லையோ? காது கிழியுது!"

"ஓம், கேக்குது" என்பாள். அந்தக் குரலில் ஒரு தெம்பு இருக்கும். நானும் பிள்ளையை அமத்தாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வாழ்க்கையில் அன்றுதான் ஒரு பிள்ளை அழவேண்டுமென்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் பிள்ளைதானே. காற்றும் மெல்ல அடங்கியது. இயந்திரம் ஒரே சீராக இரைந்தது. அழுத களைப்பில் துஷி இரண்டு முறை விம்மி, கன்னத்தை என் கழுத்தில் வைத்துத் தூங்கிப்போனாள். சூடான மூச்சு கழுத்தில் பட்டது. அப்பாடா என்று வாங்கில் உட்கார்ந்தேன். நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. நடுவில் தொப்பென்று விழுந்த சத்தம். மறுபடி தடதடவென்று வந்தாள். தலைமயிர் அவிழ்ந்து, முழங்கால் உரசிச் சீலையில் இரத்தம் ஊறி, தில்லைநாயகி மேலே நின்றாள். என் தோளில் அசையாமல் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"நித்திரை, தில்லை! நித்திரைதான்! மூச்சு வருகுது, தொட்டுப் பாரும்!" என்று கத்தினேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. பிள்ளையைப் பறித்தாள். மூக்கடியில் காதை வைத்தாள். இயந்திர இரைச்சலில் என்ன கேட்கும்? சட்டையைத் தூக்கி, அந்தக் கொழுத்த தொடையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள்.

பிள்ளை கப்பலே அதிர வீரிட்டது. ஃப்ராவ் கெல்லர் வாயைப் பொத்திக்கொண்டு இவளைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் தேற்றக் கையை நீட்டினேன். தில்லைநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் விரிந்த வாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"விடுங்கோ அக்கா. கரை வருமட்டும் அழட்டும்."