மகளின் காணியில் பம்பளிமாசு

கடல் வந்துபோன பிறகு நான் எந்த மரத்தையும் மண்ணில் வைக்கவில்லை. எல்லாம் வாளியிலும், பாதியாக வெட்டிய பீப்பாவிலும்தான். பள்ளிக்கூடம், கூடாரம், தகரக் கொட்டில், கடைசியில் வயலை மண் போட்டு மூடிக் கட்டிக்கொடுத்த வீடு என்று எங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சண்டையும் ஓயவில்லை. அடையாள அட்டையும் இரண்டு உடுப்பும் போட்ட பை கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கியது. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவள் குழி வெட்டுவாளா?

ஆனால் மரங்களை விடவும் முடியவில்லை. நாரத்தை ஒன்று, இலையைக் கசக்கினாலே வீடு மணக்கும் முரட்டுத்தோல் தேசி எலுமிச்சை ஒன்று, ஒரு பம்பளிமாசு. வெயில் நகர நகர வாளிகளை இழுத்து வைப்பேன். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாதென்றால் அவையும் இருக்கக்கூடாது என்பதுபோல.

பம்பளிமாசுதான் எனக்கு உயிர். கடற்கரைக் காணியில் நின்ற தாய்மரத்தில் பதியம் போட்டு, கடல் எட்டாத சம்மாந்துறையில் இருக்கும் என் தம்பிக்குக் கொடுத்திருந்த கன்று அது. தாய்மரம் கடலோடு போனதும் தம்பி திருப்பிக் கொண்டுவந்து தந்தான்.

எங்கள் ஊர்களில் பெண் பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்டுகிற கையோடு அவளுக்கு வீட்டையும் தொடங்கிவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். என் மகள் நடக்கத் தொடங்கும்போதே கடற்கரைக் காணியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. கை நனைந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் சுவர் இடுப்பளவு எழும்பியபோது கடல் வந்தது. வீட்டையும் கொண்டுபோனது, அவளையும் கொண்டுபோனது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

சண்டை முடிந்ததென்று வானொலியில் சொன்ன வருடம் பம்பளிமாசு மஞ்சளிக்கத் தொடங்கியது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மண்ணே தெரியவில்லை, வேர் சுற்றிச் சுற்றி வாளியின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தது. இனி மண்ணில் வைக்காவிட்டால் செத்துவிடும். வயலை மூடிய வளவிலோ மாரியில் தண்ணீர் நிற்கும். அங்கே பரீட்சைக்கு வைத்த நாரத்தை ஒரே மாரியில் அழுகிவிட்டது. தண்ணீர் நிற்காத மணல் எங்களுக்கு ஒரே இடத்தில்தான் இருந்தது, அந்தக் கடற்கரைக் காணியில். கடலுக்குக் கிட்ட என்று அரசாங்கம் அங்கே வீடு கட்டத்தான் தடை போட்டிருந்தது, மரம் வைக்க இல்லை. இத்தனை மாரி பெய்து கடல் விட்டுப்போன உப்பும் கழுவப்பட்டிருந்தது.

என் கணவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். கடைக்குப் போவதென்றாலும் கடற்கரை வீதியை விட்டுச் சுற்றித்தான் போவார். மரத்தை அங்கே வைப்போமா என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது மகள்ர காணி," என்றார்.

"ஓம், மகள்ர காணிதான். அதாலதான் கேக்கிறன்."

மறுநாள் மண்வெட்டியைத் தேடி எடுத்தார். மகளின் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி முடியும்வரை கடலை அவர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நட்டு முடிந்ததும் வேலிக்கு ஓலை வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேலி போடாத. குருவி திண்டாலும் மனிசன் திண்டாலும் அவக்கு நன்மை."

இறந்தவர் பேரில் வைத்த மரத்தில் யார் தின்றாலும் நன்மை அவருக்குப் போய்ச் சேரும் என்ற மார்க்கம் எனக்கும் தெரியும். ஆனாலும் எரிச்சல் வந்தது. பெற்றவளுக்கு ஒரு காய் கிடைக்க வேண்டாமா? ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், முதல் காய் மட்டும் என் கையில் வரவேண்டும். 

மரம் தேறியது. பூத்தது, உதிர்ந்தது. பிறகொரு வருடம் ஒரே ஒரு காய் நின்றது. பின்னேரம் அசர் தொழுததும் பார்க்கப் போய்விடுவேன். வழியில் யாராவது கதைக்க நிறுத்தினாலும் நிற்கமாட்டேன். இவளுக்குக் காலில் சக்கரம் என்று அயலில் சிரித்தார்கள்.

ஒரு நாள் போனபோது காய் இல்லை. காம்பு மட்டும் பச்சையாக நின்றது.  வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினேன்.

கவிழ்த்துப்போட்ட தோணியில் மூன்று பெண் பிள்ளைகள், பள்ளிக்கூட உடுப்பு, வெள்ளைப் பர்தா. மடியெல்லாம் தடித்த தோல். மகளும் அந்த வயதில்தான் போனாள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சின்னவள் மட்டும் ஒரு சுளையை உரித்து நீட்டினாள்.

"திண்டு பாருங்க மாமி, நல்ல இனிப்பு."

வாங்கித் தின்றேன். இன்னும் பழுக்காத காய், பல் கூசியது.

"இது யார்ர மரம் மாமி?" பெரியவள் பயந்துகொண்டே கேட்டாள்.

"என்ட மகள்ர."

"அவ ஏசுவாவா?"

"ஏசமாட்டா," என்றேன். "இருந்து தின்னுங்க."