ஒரு மணி நேரம் முந்திய சங்கு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராகக் கூலிக்குத் திரிபவன் நான். போன வருடம் பதுளைக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், வெள்ளைக்காரன் காலத்து நீராவி எஞ்சினைத் துடைக்கும் வேலை கிடைத்தது. மெக்கானிக் அதைச் சரிசெய்து நெருப்பு மூட்டினார். சக்கரம் சுழன்றபோது, பெரிய மாடு ஒன்று பக்கத்தில் நின்று மூச்சு விடுவது போலிருந்தது.

"சங்குச் சங்கிலிய மட்டும் தொட்றாத" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் இழுத்துவிட்டேன்.

மலையே அதிர்ந்தது. சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்து, கொழுந்து பறித்த பெண்கள் அரைக் கூடையோடு இறங்கி வந்தார்கள். மணி பதினொன்றுதான். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அவர்களுக்கு அரைநாள் சம்பளம்தான்.

"யாருய்யா ஊதுனது?" மலையில் அவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை பின்னாலேயே வந்து கத்தினார்.

"நான்தாங்க. ஆசையில இழுத்துட்டேன்."

முன்னால் நின்ற பெண் எஞ்சினைப் பார்த்துச் சிரித்தாள். "ஆசைப்பட்டவர ஏங்க ஏசுறீங்க? நாங்களும் ஆளுக்கு ஒருக்கா இழுத்துட்டு ஏறுறோம். கொறையிற கொழுந்த இவரே வந்து பறிக்கட்டும்!"

எல்லோரும் இழுத்தார்கள். கடைசியில் கணக்கப்பிள்ளையும் இழுத்தார், இரண்டு தடவை.

பிற்பகல் முழுவதும் அவர்களோடு மலையில் நின்றேன். முற்றல் இலையாகப் பறித்து ஏச்சு வாங்கினேன். மாலையில் யாருக்கும் நிறை குறையவில்லை. தப்புச் செய்து எத்தனையோ இடங்களிலிருந்து துரத்தப்பட்டிருக்கிறேன். தண்டனையைச் சிரித்துக்கொண்டே அனுபவித்தது அன்று மட்டும்தான்.